பொது மனிதர் எண் பதினான்கு

இடிதாங்கி மூன்றாவது படத்திலேயே செத்துப்போனான். அதில் யாருக்கும் சந்தேகமே இருந்ததில்லை. எரிந்தான், சாம்பலானான், அந்தச் சாம்பலைக் காற்று வாரிக்கொண்டு போனதை ஒரு நிமிடம் முழுசாகக் காட்டினார்கள். அப்படிப் போனவன் பதினாறு வருடம் கழித்துத் திரும்பி வருகிறான் என்று படக் கம்பெனி அறிவித்தது. எப்படி வருவான் என்று கேட்டவர்களுக்குக் கம்பெனி சொன்ன பதில் இரண்டே வார்த்தை: ரசிகர்கள் அழைத்தார்கள்.

சின்னவன் அழைக்கவில்லை. அவனுக்குத் தெரிந்து யாரும் அழைக்கவில்லை. ஆனாலும் அறிவிப்பைக் கேட்டதும் அவனுக்கு உச்சி குளிர்ந்துபோனது. இருபத்தொன்பது வயது, லிஃப்ட் மெக்கானிக், எவ்வளவு தேய்த்தாலும் நகக்கண்ணை விட்டுப் போகாத கிரீஸ். சொந்த ஊரை விட்டு இந்த நகரத்துக்கு வந்து நாலு வருடம் ஆகியிருந்தது. அன்றைக்கு ஒன்பது மாடியைப் படியேறிக் கடந்தபோதுகூட அவனுக்கு மூச்சு வாங்கவில்லை. லிஃப்ட்டைச் சரிசெய்யப் போகிறவன் படியில்தான் ஏறியாக வேண்டும். அது அந்தத் தொழிலின் தலையெழுத்து.

இடிதாங்கிக்குப் பறக்கத் தெரியாது. சுவரேறத் தெரியாது. மற்றவர்மேல் விழப்போகிற அடி எதுவானாலும் அது திசை மாறி அவன்மேல் வந்து விழும். அவனுடைய சக்தி அவ்வளவுதான். "படம் பூரா உதை வாங்கறான், இவனுக்குப் போய் விசில் அடிக்கறியேடா" என்று அக்கா கேலி செய்வாள். ஆனால் அவளே மூன்று படத்தையும் வரிக்கு வரி ஒப்பிப்பாள். காரணம், முதல் படத்தில் அப்பா இருந்தார்.

அப்பா தையல்காரர். இருபத்தொரு வருடத்துக்கு முன்னால், செலவு குறையும் என்று கம்பெனிக்காரர்கள் அவர்கள் ஊரில் வந்து பதினோரு நாள் படம் பிடித்தார்கள். கூட்டத்தில் நிற்க ஆள் தேடினார்கள். அப்பா கடையைப் பாதியில் விட்டுவிட்டுப் போய் நின்றார். மொட்டைமாடியிலிருந்து ஒரு தண்ணீர்த் தொட்டி சரிகிறது. கீழே தெரு நிறைய ஜனம். ஒருவரும் கவனிக்கவில்லை. ஒரே ஒரு மனிதர் மட்டும் அண்ணாந்து பார்த்து "மேலே பாருங்க!" என்று அடித்தொண்டையில் கத்துகிறார். அவர்தான் அப்பா. கழுத்தில் அளவு நாடா தொங்கும். கழற்ற மறந்துவிட்டு வந்திருந்தார். டைரக்டர் பார்த்துவிட்டு, "இருக்கட்டும், அதுதான் நல்லா இருக்கு" என்றாராம். மொத்தம் நாலு விநாடி. அந்தக் குரல் கேட்டுத்தான் இடிதாங்கி திரும்புவான், தொட்டி அவன் முதுகில் விழும், தெரு பிழைக்கும். ஆகவே அந்தத் தெருவைக் காப்பாற்றியதில் பாதி இடிதாங்கி, பாதி அப்பா என்பது குடும்பத்தின் தீர்ப்பு. அப்பாவைக் கேட்டால் முக்கால்வாசி அப்பா.

இதை ஒருவர் மட்டும் நம்பவில்லை. அவர் அக்காவின் மாமனார். வீட்டு டிவியில் படத்தைப் போட்டு அந்த இடத்தில் நிறுத்திக் காட்டினால், அப்பாவின் முகம் கடுகளவுதான் தெரியும். சம்பந்தி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்டே போய்ப் பார்ப்பார். "இது யாரா வேணாலும் இருக்கலாமே சம்பந்தி" என்பார். ஏழு வருடமாக இதே வசனம்.

இப்போது புதுப் படத்தோடு சேர்த்து, முதல் படத்தையும் மெருகேற்றிப் பெரிய திரையில் மறுபடி வெளியிடப் போகிறார்கள். இரண்டுக்கும் ஒரே டிக்கெட், ஒரே சனிக்கிழமை. அப்பா தியேட்டரில் நாற்பத்திரண்டு சீட்டுக்குச் சொல்லிவைத்துவிட்டார்.

"சலூன்காரர் வர்றார், மருந்துக் கடைக்காரர் குடும்பத்தோட வர்றார்" என்றார் ஃபோனில். "சம்பந்திக்கு நட்ட நடு சீட்டு. திரையில என் மூக்கு மட்டும் ஆளுயரம் இருக்கும்டா. அப்ப என்ன சொல்றார்னு பாக்கறேன்."

"முடி வெட்டிக்கிட்டீங்களாப்பா?"

"நான் எதுக்குடா வெட்டணும்? படத்துல இருக்கறவன்தான் ஏற்கெனவே வெட்டிட்டானே."

*

சின்னவன் ஒன்பது வயதிலேயே ரசிகர் மன்றத்தில் சேர்ந்தவன். அந்தப் பழைய அட்டையை வைத்து அவனுக்கு 'மூத்த ரசிகர்' என்று ஒரு தகுதி கொடுத்து, சனிக்கிழமைக்குப் பத்து நாள் முன்னதாகவே சிறப்புக் காட்சிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். இருநூறு பேர். வாசலில் கைபேசியை வாங்கிக்கொண்டு ஆளுக்கொரு பிளாஸ்டிக் தலைக்கவசம் கொடுத்தார்கள். அது இடிதாங்கி போடாத கவசம். அவன் எந்தக் காலத்தில் கவசம் போட்டான்? உள்ளே யாரோ மென்று துப்பிய மிட்டாய் வாசனை.

உட்கார்ந்ததும் எல்லோரையும் எழுந்து நிற்கச் சொன்னார்கள். உறுதிமொழி.

"நான் இந்தப் படத்தை ஏற்கெனவே விரும்புகிறேன். பார்த்த பிறகும் விரும்புவேன். பிடிக்காமல் போனால் அது என் குறை என்பதை அறிவேன்."

சின்னவன் வாயை மட்டும் அசைத்தான். பிறகு உற்சாகப் பயிற்சியாளர் என்று ஒருவர் விசிலும் கையுமாக மேடைக்கு வந்தார். கைதட்டலில் மூன்று வகை, ஆச்சரியத்தில் இரண்டு வகை, கண்ணீர் ஒன்று. அரைமணி நேரம் ஒத்திகை.

"அஞ்சாவது வரிசை, உங்க ஆச்சரியம் லேட்டா வருது. ஆச்சரியம்னா படத்துக்கு முன்னாடியே ரெடியா இருக்கணும். சார், நீங்க, நீலச் சட்டை. அழச் சொன்னா அழணும், யோசிக்கக் கூடாது. யோசிச்சா கேமராவுல யோசனைதான் தெரியும்."

அப்போதுதான் சின்னவன் கவனித்தான். ஒவ்வொரு இருக்கைக்கும் எதிரே, முன்னிருக்கையின் முதுகில், மிளகு மாதிரி ஒரு கேமரா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

விளக்கு அணைந்தது. மெருகேற்றிய முதல் படம். சின்னவன் இருக்கையின் நுனிக்கு நகர்ந்தான். தண்ணீர்த் தொட்டிக் காட்சி எத்தனையாவது நிமிடம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். தொட்டி சரிந்தது. தெரு வந்தது. தெருவே வழவழவென்று, இப்போதுதான் கழுவிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி இருந்தது. கூட்டத்தில் இருந்தவர்கள் எல்லோருக்கும் ஒரே அளவு பல். அப்பா நிற்க வேண்டிய இடத்தில் ஒரு இளைஞன் நின்றான். தோளில் ஒரு குளிர்பானக் கம்பெனியின் துண்டு. அவன் அண்ணாந்து பார்த்தான். கத்தவில்லை. கேமராவைப் பார்த்துச் சிரித்துவிட்டுச் சொன்னான்:

"மேலே பார்ப்போம். மேலும் பார்ப்போம்."

சின்னவனுக்கு அடிவயிற்றிலிருந்து ஏதோ புரண்டு வந்தது. கை தானாக வாயைப் பொத்தியது. கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. நெற்றி வேர்த்தது. முன்னால் குனிந்து இரண்டு முறை எச்சிலை விழுங்கினான். மிளகுக் கேமரா அதையெல்லாம் பொறுமையாகப் பார்த்துக்கொண்டது.

அடுத்து வந்த புதுப் படத்தை அவன் முழுசாகப் பார்த்தான் என்று சொல்ல முடியாது. இடிதாங்கியின் சாம்பலை ஒரு விஞ்ஞானி கடற்கரையில் பொறுக்கி, அதே குளிர்பானத்தில் கரைத்து, குலுக்கி, ஆளை வெளியே எடுத்தார். புட்டியின் பெயர் தெரியும்படி மூன்று கோணத்தில் குலுக்கினார். எழுந்து வந்த இடிதாங்கி இனி அடி வாங்கமாட்டானாம். அவனுக்குத் தன்மதிப்பு வந்துவிட்டதாம். மார்பில் ஒரு பொத்தான். அழுத்தினால் அடி வேறு யார்மேலோ போய் விழும். யார்மேல் என்று படத்தில் சொல்லவில்லை. கேட்கிற ஆளும் படத்தில் இல்லை. அடி ஒவ்வொன்றும் எங்கோ போய் விழ, இருநூறு பேர் சொல்லிக்கொடுத்த மாதிரி முதல் வகைக் கைதட்டல் தட்டினார்கள். கடைசியில் படம் ஏழு முறை முடிந்தது. ஒவ்வொரு முடிவிலும் இன்னொரு படத்துக்கு அறிவிப்பு: இடிதாங்கியின் தம்பி, இடிதாங்கியின் நாய், தண்ணீர்த் தொட்டியின் இளமைக்காலம்.

வெளியே வந்ததும் ஒரு பெண் படிவத்தை நீட்டினாள். 'உங்கள் உணர்ச்சி' என்று தலைப்பு. கீழே நாலு கட்டம்: பேரானந்தம், ஆனந்தம், அடக்கமான ஆனந்தம், இனிமேல் வரவிருக்கும் ஆனந்தம்.

"பிடிக்கலன்னா எதுல போடணும்ங்க?"

அவள் அவனைப் பரிவோடு பார்த்தாள். "நாலாவதுல போடுங்க சார். எப்படியும் வந்துரும்."

*

மறுநாள் அரைநாள் லீவு போட்டுவிட்டு ரசிகர் நலத் துறைக்குப் போனான். அக்காவிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லியிருந்தான். அவள் ஃபோனிலேயே அழுதுவிட்டாள். "அப்பாகிட்ட சொல்லிடாதடா. சட்டைகூடத் தைச்சு வெச்சுட்டார். என் மாமனார் வேற, 'சனிக்கிழமை தெரிஞ்சுடும்'னு சாப்பாட்டுக்கு உக்காரும்போதெல்லாம் சொல்றார். ஏதாவது பண்ணுடா."

துறையில் இரண்டு கவுன்டர். ஒன்று பாராட்டு, ஒன்று புகார். புகார் கவுன்டர் மூடியிருந்தது. பாராட்டுக் கவுன்டரில் இருந்தவரிடம், அது எப்போது திறக்கும் என்று கேட்டான்.

"அது திறக்காதுங்க. அங்க யாருமே வர்றதில்ல. அதனால மூடிட்டோம்."

"மூடியிருந்தா எப்படிங்க வருவாங்க?"

"பாத்தீங்களா? நீங்களே சொல்றீங்க, வரமாட்டாங்கன்னு."

கடைசியில் அவனை நினைவுப் பராமரிப்பு அதிகாரியிடம் அனுப்பினார்கள். நல்ல மனிதர். தண்ணீர் கொடுத்தார். உட்காரச் சொன்னார். சின்னவன் அப்பாவைப் பற்றி, அளவு நாடாவைப் பற்றி, நாலு விநாடியைப் பற்றி ஒன்று விடாமல் சொன்னான். அதிகாரி ஒரு கோப்பைப் புரட்டினார்.

"பொது மனிதர் எண் பதினாலு" என்றார். "அவர் படத்துல இருக்காரே தம்பி. எங்கயும் போகலியே."

"அது வேற ஆளுங்க. எங்க அப்பா இல்ல."

"பொது மனிதர் பதினாலுன்னா அது ஒரு பதவி. அதுல முன்னாடி உங்க அப்பா இருந்தார், இப்ப இன்னொருத்தர் இருக்கார். உங்க அப்பாவுக்கு வயசாயிடுச்சு இல்லியா?"

"இப்ப ஆயிடுச்சுங்க. படத்துல ஆகல."

அதிகாரி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். ரகசியம் சொல்கிறவர் மாதிரி குரலைத் தாழ்த்தினார்.

"ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. நாங்க ஆராய்ச்சி பண்ணினோம். பழைய படத்தை ஞாபகம் வெச்சிருக்கறவங்களுக்குப் புதுப் படம் பிடிக்கறதில்ல. ஞாபகம் இல்லாதவங்களுக்கு அவ்வளவா மோசமாத் தெரியல. அப்போ கோளாறு எங்க இருக்கு? படத்துலயா, ஞாபகத்துலயா? படத்தை மாத்தணும்னா எவ்வளவு வேலை, எத்தனை பேர் உழைப்பு! ஞாபகத்தை மாத்தறதுக்கு நீங்க ஒருத்தர் மனசு வெச்சாப் போதும். ரசிகர்களுக்காகத்தான் தம்பி நாங்க இருக்கோம். ரசிகர்கள் மட்டும் இல்லன்னா இந்தப் படத்தை இதைவிட நிம்மதியா எடுத்திருப்போம்."

கிளம்பும்போது ஒரு பயிற்சித் தாளும் கொடுத்தார். தினமும் காலையில் புதுக் காட்சியை மனதில் ஐந்து தடவை ஓட்டிப் பார்க்க வேண்டுமாம். ஆறாவது நாள் பழையது தானாகப் போய்விடுமாம். சின்னவன் அந்தத் தாளைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் ஓரத்தில் மட்டும் பிடித்துக்கொண்டு தெருமுனை வரை நடந்து, குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டுக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

*

திங்கட்கிழமை காலை ஒரு அலுவலகக் கட்டடத்தின் உச்சியில், லிஃப்ட் மெஷின் ரூமில் இருந்தான். கயிற்றுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தபோது, கூட வேலை செய்கிற மேஸ்திரி ஜன்னல் பக்கமிருந்து கூப்பிட்டார்.

"டேய், இங்க வா. எதிர்க்கட்டடத்துல நீ தொங்கற."

நாற்பது அடி உயரத்துக்கு அவன் முகம் தொங்கியது. வாயைப் பொத்திய கை, நீர் கோத்த கண், வேர்த்த நெற்றி. நகக்கண்ணில் இருந்த கிரீஸை மட்டும் துடைத்திருந்தார்கள். கீழே ஆளுயர எழுத்து: 'பேரானந்தம். வார்த்தை வரவில்லை. ஒரு மூத்த ரசிகர்.'

"அப்படியாடா இருக்கு படம்?" என்றார் மேஸ்திரி. "இந்த மாதிரி என் கல்யாணத்துலகூட நான் சந்தோஷப்பட்டதில்ல."

"அது சந்தோஷம் இல்ல மேஸ்திரி. குமட்டிக்கிட்டு வந்துச்சு."

மேஸ்திரி போஸ்டரைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். "பேரானந்தம்னு போட்டிருக்கேடா" என்றார். அச்சில் வந்த பிறகு அவரால் என்ன செய்ய முடியும்?

மதியத்துக்குள் நகரம் முழுக்க அவன் முகம். பேருந்தின் முதுகில், பாலத்தின் கைப்பிடியில், அவன் சாப்பிடப் போகிற கடையின் கண்ணாடியில். கடைக்காரர் அவனைப் பார்த்ததும் தானும் வாயைப் பொத்திக் கண்ணை விரித்துக் காட்டினார். மறுநாள் இளவட்டங்கள் எதைப் பார்த்தாலும் அப்படியே செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். யாருக்காவது எதுவாவது பிடித்துப்போனால் வாந்தி வருகிற மாதிரி நிற்பதுதான் மரியாதை என்று ஆகிவிட்டது.

*

புதன்கிழமை கம்பெனித் தலைவரே கூப்பிட்டனுப்பினார். கால் புதைகிற கம்பளம். சுவர் முழுக்கப் பொத்தான் வைத்த இடிதாங்கி. மேசையில் அந்தப் போஸ்டரின் ஒரு அச்சுப் பிரதி.

"நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு!" என்றார் தலைவர், எழுந்து வந்து கையைப் பிடித்துக் குலுக்கியபடி. "கை வாயில, நாப்பது மார்க். கண்ணீர், முப்பது. வியர்வை, இருபது. குனிஞ்சதுக்கு எட்டு. ஒரு மனுஷன் இவ்வளவு உணர்ச்சியைக் காட்டி எங்க மெஷின் பார்த்ததே இல்ல. மிச்ச ரெண்டு மார்க் எதுக்குப் போச்சுன்னுதான் எங்களுக்குப் புரியல."

"சார், அது எனக்கு வாந்தி வந்துச்சு சார்."

தலைவர் அசரவில்லை. "இருக்கலாம். உள்ள என்ன இருந்துச்சுன்னு எங்களுக்கு எதுக்கு? மெஷின் பாக்கறது மூஞ்சியத்தான். ஜனங்க பாக்கறதும் மூஞ்சியத்தான். மனசுக்குள்ள போய்ப் பாக்கறது நாகரிகம் இல்ல தம்பி. நாங்க கௌரவமான கம்பெனி."

சின்னவன் மறுபடி அப்பாவின் கதையைச் சொன்னான். சனிக்கிழமையை, நாற்பத்திரண்டு சீட்டை, சம்பந்தியை. சொல்லச் சொல்லத் தொண்டை அடைத்தது. தலைவர் குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்டுக்கொண்டே உதவியாளரிடம் கண்ணைக் காட்டினார்; அவர் அந்தத் தொண்டை அடைத்ததையும் குறித்துக்கொண்டார்.

"எனக்கும் அப்பா இருந்தார்" என்றார் தலைவர். "அவர்தான் இந்த முதல் மூணு படத்தையும் எடுத்தார். அடி வாங்கற ஹீரோ! எவ்வளவு நஷ்டம் தெரியுமா? பொம்மை விக்காது. அடி வாங்கின பொம்மையை எந்தக் குழந்தை வாங்கும்? இப்ப பாருங்க, பொத்தான் வெச்சதும் பொம்மை பறக்குது. அவர் இருந்திருந்தா இதைப் பாத்து..." கொஞ்சம் யோசித்தார். "இருந்திருந்தா எடுக்க விட்டிருக்க மாட்டார். அதை விடுங்க. உங்க அப்பாவை வெச்சுடலாம்."

"நிஜமாவா சார்?"

"ரெண்டு நாள் வேலை. பசங்க பண்ணிடுவாங்க. நீங்க ஒரே ஒரு கையெழுத்துப் போடுங்க. போஸ்டர்ல இருக்கறது பேரானந்தம்தான்னு. யாராவது நாளைக்குக் கேட்டா ஒரு பத்திரம் இருக்கணும் பாருங்க."

பேனாவை வாங்கினான். நாற்பது அடிப் பொய்க்கு அடியில் பெயரை எழுத வேண்டும். கண்ணை மூடினால் அப்பா புதுச் சட்டையோடு நடு வரிசையில் சம்பந்திக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"அப்பாதானே சார் வருவார்? அதே முகம், அதே நாடா, அதே வசனம்?"

"அதைவிட நல்லாவே வரும்" என்றார் தலைவர்.

அந்த வார்த்தை அவனுக்குப் பிடிக்கவில்லை. இருந்தாலும் போட்டான். போட்டு முடித்ததும் உதவியாளர் மை காயும்வரை அதை ஊதினார். அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. குளிக்க வேண்டும் போல இருந்தது, குளித்தான், மறுபடியும் அப்படியே இருந்தது.

*

சனிக்கிழமை மதியம் ஒரு லிஃப்ட் குழிக்குள் இறங்கி நின்றுகொண்டு வேலை பார்த்தான். கைபேசியைப் பக்கத்திலேயே வைத்திருந்தான். ஊரில் படம் இரண்டு மணிக்கு. மூன்றே கால், தண்ணீர்த் தொட்டி சரிகிற நேரம், ஆனதும் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டான். நாலு மணிக்கு அப்பா கூப்பிட்டார். பின்னால் தெருச் சத்தம் கேட்டது.

"என்னப்பா, படம் முடிஞ்சிடுச்சா?"

"நான் முடிச்சுக்கிட்டேன்" என்றார் அப்பா. "எழுந்து வெளிய வந்துட்டேன்."

"உங்களைப் பாத்தீங்களா?"

"பாத்தேன். என் மூஞ்சிதான். இருபத்தஞ்சு வயசு மூஞ்சி. தலை நிறைய முடி. தோளைப் பாத்தா ரெண்டு பக்கமும் பீரோவைத் தூக்கி வெச்ச மாதிரி. நாடா இல்லடா. ஏதோ சோடாக்காரன் துண்டு. கத்தவும் இல்ல. தொட்டி சரிஞ்சு வருது, ஜனம் சாகப் போகுது, அவன் என் மூஞ்சியை வெச்சுக்கிட்டு, 'மேலே பார்ப்போம், மேலும் பார்ப்போம்'னு இளிக்கறான். எனக்கு அது தையல் கடையில உக்காந்து தைச்ச ஆள் மாதிரியே தெரியல. எவனோ என் தோலை உரிச்சுப் போட்டுக்கிட்டு நிக்கற மாதிரி இருந்துச்சு."

"அக்கா மாமனார் என்னப்பா சொன்னார்?"

"அவருக்கென்ன. 'சம்பந்தி, இத்தனை நாள் சந்தேகமா இருந்துச்சு, இன்னைக்குத் தெளிஞ்சிடுச்சு. இது நீங்க இல்ல'ன்னார்." அப்பா மூச்சை இழுத்து விட்டார். "நானும் 'ஆமா சம்பந்தி, இது நான் இல்ல'ன்னுட்டேன். வேற என்னத்தைச் சொல்ல?"

சின்னவன் குழியின் சுவரில் சாய்ந்துகொண்டான். சிமென்ட் ஜில்லென்று முதுகில் பட்டது.

"அப்பா, என்மேலதான் தப்பு. முதல்ல உங்களை எடுத்துட்டு வேற ஆளைப் போட்டிருந்தாங்க. நான் போய்க் கெஞ்சினேன். உங்களைத் திருப்பி வைக்கறேன்னாங்க. அதுக்காக ஒரு பத்திரத்துல கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன்ப்பா."

"என்ன பத்திரம்?"

"அந்தப் போஸ்டர்ல இருக்கறது சந்தோஷம்தான்னு."

ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"அதுக்கு முன்னாடிதான் நிக்கறேன்" என்றார் அப்பா. "தியேட்டர் வாசல்ல மாட்டியிருக்கான். கால்மணி நேரமா அண்ணாந்து பாத்துக்கிட்டிருக்கேன். உள்ள போறப்ப சலூன்காரர் சொன்னார், 'பையன் எவ்வளவு சந்தோஷமா இருக்கான் பாருங்கண்ணே'ன்னு. நான் ஒண்ணும் பேசல. எனக்கு என்னமோ இடிச்சுக்கிட்டே இருந்துச்சு. டேய், நிஜத்தைச் சொல்லு. சின்ன வயசுல பஸ் வளைவுல திரும்பும்போதெல்லாம் நீ இந்த மூஞ்சிதானே காட்டுவ? பாத்ததும் நான் உன்னைத் தூக்கி ஜன்னல் பக்கம் பிடிப்பேன். பாதி நேரம் அதுக்குள்ள என் மடியிலயே கக்கிடுவ."

"ஆமாப்பா" என்றான் சின்னவன். "அதேதான்ப்பா. வாந்திதான் வந்துச்சு."

"அப்பாடா" என்றார் அப்பா. குரலில் பாரம் இறங்கியது தெரிந்தது. "உள்ள உக்காந்திருந்தப்ப, அந்தக் கர்மத்தைப் பாக்கப் பாக்க, எனக்கு ஒரே கவலைதான்டா. உனக்கு இது பிடிச்சுப்போச்சோன்னு பயந்தே போயிட்டேன்."